ஒரு வீட்டுக்கு மூன்று ரசீது: வரி கேள்வி பதில்

கேரள எல்லையோரக் கடற்கரை ஊர்களிலிருந்து வீட்டு வரி பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். பதில் சொல்பவர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பேரூராட்சி பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மனைவியின் ஊரில், எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார்.

சார், நான் கொல்லங்கோட்டுக்காரன். பூவாறு பக்கம் ஏழு சென்ட் புரையிடம் வாங்கி வீடு வைத்திருக்கிறேன். ஊரில் அப்பா ஒரு வீட்டு வரியோடு காலத்தை ஓட்டிவிட்டார். இங்கே பஞ்சாயத்திலிருந்து ஒரு நோட்டீஸ், வில்லேஜ் ஆபீஸில் ஒரு ரசீது. இப்போது தாலுகா ஆபீஸிலிருந்தும் 104 சதுர மீட்டர் என்று எழுதி ஒரு வரி கேட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டுக்கு எத்தனை பேருக்குக் கட்டுவது?
– ஒரு வாசகர், பூவாறு

கேட்டால் மூன்று பேருக்கும் கட்டத்தான் வேண்டும். பயப்படாதீர்கள். ஒன்று சில்லறைக் காசு, இன்னொன்று வீட்டின் ஆயுளுக்கு ஒரு தடவை. ஆண்டுதோறும் கடிப்பது ஒன்றுதான்.

வில்லேஜ் ஆபீஸில் கட்டுவது நிலக்கரம், அதாவது நில வரி (கரம் என்றால் இங்கே வரி). அது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணுக்கு மட்டும் உள்ளது. மேலே ஓலைப்புரை நின்றாலும் மாடி வீடு நின்றாலும் அதற்குக் கவலை இல்லை. 2025 பட்ஜெட்டில் இதை ஐம்பது சதவீதம் ஏற்றியபோது எங்கள் டீக்கடையில் பெரிய சண்டை. ஏற்றிய பிறகு பஞ்சாயத்துப் பகுதியில் 8.1 ஆர் வரை உள்ள நிலத்துக்கு ஆர் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏழரை ரூபாய். ஒரு ஆர் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். உங்கள் ஏழு சென்டுக்கு ஆண்டு முழுவதற்கும் 21 ரூபாய் சொச்சம் வரும். சண்டை போட்டவர்கள் அன்றைக்குக் குடித்த டீக்கே அதைவிடக் கூடுதல் ஆகியிருக்கும்.

பஞ்சாயத்து கேட்பது வீட்டுக்கரம். தரைப் பரப்பு, வீட்டின் உபயோகம், முன்னால் போகும் ரோடு எல்லாம் பார்த்துப் போடுவார்கள். அரையாண்டுக்கு ஒரு தவணை. செப்டம்பர் 30, மார்ச் 31 என்ற இரண்டு தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து இது ஆண்டுக்கு ஐந்து சதவீதம் தானாகவே ஏறுகிறது. அதனால் போன வருஷ ரசீதைக் காட்டி ‘இவ்வளவுதானே கட்டினேன்’ என்று கவுண்டரில் வாதாடிப் பயனில்லை.

தாலுகா ஆபீஸிலிருந்து வந்தது 1975-ஆம் ஆண்டுக் கட்டிட வரிச் சட்டத்தின்படி. வீடு கட்டி முடித்ததும் ஒரே தடவை. நாலு தவணையாகக் கட்டலாம். குடியிருப்பு வீடு 100 சதுர மீட்டருக்குள் என்றால் இந்த வரியே கிடையாது. அதனால் உங்கள் நோட்டீஸில் எனக்கு உறுத்தியது அந்த 104 தான்.

நீங்கள் அனுப்பிய பிளானில் வீட்டுக்கு வடக்கே தனியாக ஒரு வண்டிச் செட்டும் அதை ஒட்டி விறகுப்புரையும் இருக்கின்றன. இரண்டும் சேர்த்து 11 சதுர மீட்டர். வீட்டோடு சேர்ந்த வண்டிச் செட், விறகு போடும் புரை, குடியிருப்புக்கு அல்லாத துணைக் கட்டிடம் இவற்றின் பரப்பை வீட்டுப் பரப்போடு கூட்டக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கழித்தால் 93. வரி இல்லை. ஆனால் நீங்கள் கேட்காமல் கழிக்க மாட்டார்கள். அளக்க வருகிறவர் டேப்பை வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்குப் பிடிப்பார் (சுவர்க் கனமும் கணக்கில் சேரும், அது சரிதான்), போகிற போக்கில் செட்டையும் சேர்த்து எழுதிவிடுவார். தாசில்தாருக்கு மனு எழுதுங்கள். செட் தனியாக நிற்பது தெரிகிற மாதிரி போட்டோ வையுங்கள், திரும்ப அளக்கக் கேளுங்கள். நோட்டீஸின் அடியில் அப்பீலுக்குக் கொடுத்திருக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. 278.7 சதுர மீட்டர், அதாவது 3000 சதுர அடியைத் தொட்டால் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தனி வரி ஒன்றும் உண்டு. 1999 ஏப்ரல் 1 முதல் முடித்த வீடுகளுக்கு அது. ஊரில் ஆடம்பர வரி என்பார்கள். எல்லையோரத்தில் கல்ஃப் பணத்தில் எழும்பிய வீடுகளில் 2990 சதுர அடி பிளான் ஏன் இவ்வளவு என்று யோசித்திருந்தால் காரணம் இதுதான். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

மக்ளே, போன மழையில் கடல் கேறி அடுக்களையும் பின்முறியும் போச்சு. முன்னால ஒரு முறியும் திண்ணையும்தான் மிச்சம். கொஞ்ச நாள் மகள் வீட்டில கிடந்திட்டு திரும்ப வந்தேன். பஞ்சாயத்துக்காரன் முழு வீட்டுக்கும் கரம் கேட்டு கடலாசு அனுப்பியிருக்கான். கடலுக்கும் நான் கரம் கெட்டணுமா?
– பேத்தி எழுதிக் கொடுத்தது, பொழியூர் கடற்கரை

அம்மா, கடலுக்குக் கரம் இல்லை. ஆனால் வீடு இடிந்ததை நாம் எழுதிக் கொடுக்காத வரை பஞ்சாயத்துப் பேரேட்டில் அது அடுக்களையோடும் ஓட்டோடும் நின்றுகொண்டிருக்கும். கம்ப்யூட்டரும் அரையாண்டு தோறும் பில் போட்டுக்கொண்டே இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் பேரில் பகை ஒன்றும் இல்லை. யாரும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பேத்தியிடம் சொல்லி பஞ்சாயத்து செக்ரட்டரிக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். வார்டு நம்பர், கட்டிட நம்பர், எந்த மாதம் எந்தெந்த முறி போனது, இப்போது மிச்சம் எத்தனை சதுர மீட்டர், இவ்வளவு போதும். போட்டோ எடுக்கும்போது வெறும் கடலை எடுக்காதீர்கள். இடிந்த இடமும், பக்கத்தில் நிற்கிற ஏதாவது ஒரு வீடோ குருசடியோ (சிலுவை நட்ட சிறு கோயில்) சேர்ந்து தெரியட்டும், அப்போதுதான் எந்த இடம் என்று விளங்கும். கடலேற்றத்தின்போது வில்லேஜ் ஆபீஸர் வந்து சேதம் எழுதிப் போயிருந்தால் அந்தக் காகிதத்தின் நகலையும் வையுங்கள். மனுவின் மறுநகலில் சீலும் தேதியும் வாங்காமல் படி இறங்கக் கூடாது. வீடு இடிந்த தேதியை நீங்கள் ஒன்று சொல்லி அவர்கள் ஒன்று சொன்னால், கடைசியில் பேசப்போவது அந்தச் சீல்தான்.

பரப்பைத் திருத்தும்போது உங்களுக்கு வேறொரு லாபமும் இருக்கிறது. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு 60 சதுர மீட்டருக்குள் என்றால் 2023 ஏப்ரலிலிருந்து வீட்டுக்கரமே இல்லை. முன்பு இந்த வரம்பு 30 தான். ஒரு முறியும் திண்ணையும் 60-ஐத் தாண்டாது. அதனால் அதே மனுவில், ‘மிச்சமுள்ள பகுதியில் நானே குடியிருக்கிறேன், வரிவிலக்கு வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தனியாக இன்னொரு மனு, இன்னொரு பஸ் செலவு எதற்கு?

அப்புறம் நிலக்கரம். இங்கேதான் பலர் கோபத்தில் கையை உதறிவிடுகிறார்கள். ‘மண்ணே இல்லை, எதற்குக் கரம்’ என்று நிறுத்துகிறார்கள். நியாயம்தான். ஆனாலும் நான் கட்டச் சொல்கிறேன். ஆண்டுக்கு இருபது முப்பது ரூபாய் விஷயம். கடலோரத்து ஆளுக்கு எந்த உதவி வந்தாலும் முதலில் கேட்பது நடப்பு ஆண்டுக் கரம் அடைத்த ரசீது. அது விட்டுப்போனால், அங்கே உங்களுக்கு இடம் இருந்தது என்பதையே முதலிலிருந்து நிரூபிக்க அலைய வேண்டி வரும். பரப்பைக் குறைத்து எழுத வேண்டுமானால் தாலுகா சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அதற்கு ஒரு மனு கொடுத்து வையுங்கள், அது அதன் போக்கில் நடக்கட்டும்.

பேத்தி கடிதத்தின் ஓரத்தில் ‘புனர்கேகம்’ பற்றிக் கேட்டிருக்கிறாள். கடல் ஏற்றக் கோட்டிலிருந்து (ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து தொடும் எல்லை) 50 மீட்டருக்குள் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு வைக்க கேரள அரசு பத்து லட்சம் ரூபாய் தரும் திட்டம் அது. ஆறு லட்சம் இடத்துக்கு, நாலு லட்சம் வீட்டுக்கு. ஆறு லட்சத்துக்குக் கடற்கரைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காது. உள்ளே தள்ளிப் போனால் கிடைக்கும், ஆனால் வள்ளமும் வலையும் இங்கே, ஆள் அங்கே என்று ஆகும். போவதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது. கையெழுத்துப் போடும் முன் பழைய இடத்தை அரசுக்கு விட்டுக்கொடுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பேத்தியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மகள், மகன் எல்லோரும் கூட இருக்கும்போது.

எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊரான நீரோடி வரைக்கும் தமிழ்நாடு கடற்கரையில் கல்லைப் போட்டதால்தான் எங்கள் கரை போகிறது என்று உங்கள் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. நீரோடிக்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் உள்ளவன் நான். அந்த வழக்கில் என்னை இழுக்காதீர்கள்.

என் வீடு கடலிலிருந்து எண்பது மீட்டர். பஞ்சாயத்து ‘யு.ஏ.’ (அனுமதி இல்லாத கட்டிடம்) நம்பர் போட்டு மூன்று மடங்கு கரம் வாங்குகிறது. ஒழுங்காகக் கட்டி வந்தால் சில வருஷத்தில் ரெகுலர் நம்பர் தந்துவிடுவார்களா?
– ஒரு வாசகர், பருத்தியூர்

தர மாட்டார்கள். அனுமதி இல்லாமல் கட்டிய வீட்டுக்கு வழக்கமான வரி, அதற்கு மேல் அதைப்போல் இரண்டு மடங்கு, ஆக மூன்று. அதை எத்தனை வருஷம் கட்டினாலும் கட்டிடத்துக்கு எந்த உரிமையும் வராது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

வழி இருந்தால் அது கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில்தான் இருக்கிறது. முதல் அறிவிக்கை 1991 பிப்ரவரி 19. உங்கள் வீடு அதற்கு முன்பே நின்றது என்று பழைய வரி ரசீதாலோ கரண்டு பில்லாலோ காட்ட முடிந்தால் கதையே வேறு. அதற்குப் பிறகு கட்டியது என்றால் 2019 அறிவிக்கையைப் பாருங்கள். கிராமப்புறக் கடற்கரையில் முன்பு 200 மீட்டருக்குக் கட்டத் தடை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் நெருக்கம் உள்ள இடங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். கேரளத்தின் புதிய கடலோர வரைபடத்துக்கு 2024-ல் ஒப்புதல் கிடைத்தது. உங்கள் சர்வே நம்பர் அதில் எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். தடைப் பகுதிக்கு வெளியே வந்தால் முறைப்படுத்த மனு போடலாம். உள்ளே என்றால் மூன்று மடங்குதான்.

மகளும் மருமகனும் கலிபோர்னியாவில் கடலோரக் கவுண்டி ஒன்றில் ஒன்பது லட்சம் டாலருக்கு வீடு வாங்கியிருக்கிறார்கள். வரி மட்டும் வருஷத்துக்கு ஒன்பதாயிரம் டாலருக்கு மேல்! பக்கத்து வீட்டுக் கிழவர் அதே அளவு வீட்டுக்கு இதில் கால்வாசிதான் கட்டுகிறாராம். கடல் தெரிவதற்கு வரி போடுகிறார்களா? வெளிநாட்டுக்காரர் என்று ஏய்க்கிறார்களா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

அமெரிக்காவுக்கு நான் பில் புத்தகம் தூக்கிக்கொண்டு போனதில்லை அம்மா. ஆனால் நீங்கள் அனுப்பிய பில் நகலைப் பார்த்தால் யாரும் யாரையும் ஏய்த்ததாகத் தெரியவில்லை.

கவுண்டி என்பது நம் ஜில்லா மாதிரி. வீட்டு வரியை வசூலிப்பது அதுதான். வசூலித்துப் பள்ளிக்கூடம், நகராட்சி, தீயணைப்பு என்று பங்கு வைக்கும். 1978 ஜூனில் அந்த மாநிலத்து மக்கள் ஓட்டுப் போட்டு 13-ஆம் எண் தீர்மானம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன்படி வீட்டை என்ன விலைக்கு வாங்கினீர்களோ அதுதான் வரிக்கான மதிப்பு. அடிப்படை வரி அதில் ஒரு சதவீதம். அந்த மதிப்பை ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வீடு கை மாறும்போதுதான் புது விலைக்கு மாறும். பள்ளிக்கூடக் கடன் போன்றவற்றுக்கு ஊர்மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்ட சில்லறை வரிகள் மேலே சேரும். ஒன்பதாயிரத்துக்கு மேலே போனது அதனால்.

இப்போது கிழவர் கணக்கைப் பாருங்கள். அவர் 1980-ல் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு சதவீதம் ஏற்றிக்கொண்டே வந்தாலும் இன்றைக்கு இரண்டரை லட்சம்தான். வரி இரண்டாயிரத்து ஐந்நூறு. உங்கள் மகளோடு வேலிக்கு வேலி ஒட்டிய வீடு, கால்வாசி வரி. நியாயமா என்றால், அந்த ஊரிலேயே இத்தனை வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் கிழவர் பக்கம்தான் நிற்பேன். சம்பளம் நின்ற பிறகு, தான் விற்காத வீட்டின் விலை ஏறியதற்காக ஒருவன் ஊரை விட்டுப் போகக் கூடாது. உங்கள் மகளும் அங்கேயே இருந்தால் இருபது வருஷத்தில் அவளும் ‘கிழவர்’ ஆகிவிடுவாள்.

கடல் தெரிவதற்குத் தனி வரி இல்லை. வாங்கிய விலையில் கடலும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் பக்கத்தில் பூவாற்றில் கடலைப் பார்த்த வீட்டுக்கும் உள்ளே இருக்கும் வீட்டுக்கும் பரப்பும் ரோடும் ஒன்றாக இருந்தால் வீட்டுக்கரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

மகளிடம் சொல்ல வேண்டியவை: முதல் தவணை டிசம்பர் 10, இரண்டாவது ஏப்ரல் 10. ஒரு நாள் தாண்டினாலும் பத்து சதவீதம் அபராதம். வீடு வாங்கிய சில மாதங்களில், பழைய உரிமையாளரின் மதிப்புக்கும் புது விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தனி பில் ஒன்று வரும். பாங்க் மூலம் மாதாமாதம் வரிக்குப் பிடித்தாலும் இந்த பில்லைப் பெரும்பாலும் பாங்க் கட்டாது, வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும். விளம்பரத் தபால் என்று குப்பையில் போட்டுவிடப் போகிறார்கள். சொந்தமாகக் குடியிருப்பவர் ஒரு தடவை படிவம் கொடுத்தால் மதிப்பில் ஏழாயிரம் டாலர் கழிப்பார்கள். வரியில் எழுபது டாலர்தான் மிச்சம். இருந்தாலும் விடுவானேன்?

கொல்லங்கோடு நகராட்சி ஆனதால் வீட்டு வரி ஏறியதா?
– ஒரு வாசகர், வள்ளவிளை

நகராட்சி ஆனது 2021-ல். வரி ஏறியது 2022 ஏப்ரலில். இரண்டும் அடுத்தடுத்து வந்ததால் ஊரில் முடிச்சுப் போட்டுப் பேசுகிறார்கள். அந்த ஏற்றம் தமிழ்நாடு முழுவதும், பேரூராட்சிகள் உட்பட. உங்கள் பகுதியில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. பேரூராட்சியாகவே இருந்திருந்தாலும் இதே கதைதான்.

அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும், கட்டினால் ஐந்து சதவீதம் கழிவு உண்டு. ஐயாயிரம் ரூபாய் வரை. உங்கள் ஊரில் இதை வாங்குகிறவர்கள் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆழ்கடலுக்குப் போன ஆள் கரைக்கு வந்தால்தான் வீட்டில் பணம். நான் வசூலுக்குப் போன காலத்தில், காலண்டரைப் பார்த்துப் போனால் வெறுங்கைதான். படகு வந்த செய்தி கேட்டுப் போனால் அக்காமார் திண்ணையில் உட்காரவைத்துச் சாயா கொடுத்துப் பாக்கியையும் சேர்த்து எண்ணித் தருவார்கள். இப்போது ஆன்லைனில் கட்டலாம். கொச்சியிலோ மங்களூரிலோ இறங்கினாலும் போனிலேயே கட்டிவிடுங்கள்.

அப்பா இறந்து பத்து வருஷம். வீட்டு வரி ரசீது இன்னும் அவர் பேரில். நான்தான் கட்டுகிறேன். தம்பி பங்கு கேட்கிறான். கட்டியது நான் என்பதால் வீடு எனக்குத்தானே?
– ஒரு வாசகர், களியக்காவிளை

இல்லை. வரி ரசீது கட்டியதற்கு அத்தாட்சி, உடைமைக்கு அல்ல. கோர்ட்டுகள் எத்தனையோ தீர்ப்பில் சொல்லிவிட்டன. பிரமாணமும் (வீட்டுப் பத்திரம்) வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் முதலில் பாகம் எழுதுங்கள். வரிப் பேர் மாற்றம் அதற்குப் பின்னால்தான். கட்டிய வரியில் தம்பி பங்கை வேண்டுமானால் கேளுங்கள். அது உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.

வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். நூலகம் எந்த நேரம் பார்த்தாலும் பூட்டிக்கிடக்கிறது. அதை மட்டும் கழித்துக் கட்டலாமா?
– ஒரு மாணவி, புதுக்கடை

கழித்தால் ரசீது போடமாட்டார்கள். தமிழ்நாட்டில் வீட்டு வரி ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி, கேரளத்தில் ஐந்து காசு. நீங்கள் இரட்டிப்பாகக் கட்டுகிறீர்கள், அதனால் இரட்டிப்பாகக் கேட்கலாம். அந்தப் பணம் போவது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு. பூட்டிய கதவை நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அங்கே புகார் எழுதுங்கள். உங்கள் அப்பாவின் வரி ரசீது நகலையும் இணையுங்கள்.

எங்கள் வீடு 58 சதுர மீட்டர். வாடகைக்கு விட்டிருக்கிறோம். கேரள வரிவிலக்கு கிடைக்குமா?
– ஒரு வாசகி, பாறசாலை

கிடைக்காது. சொந்தமாகக் குடியிருந்தால் மட்டும்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் ரசீதின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் மட்டும் வந்த நாலு கடிதங்கள் என் மேசையில் பதில் எழுத முடியாமல் கிடக்கின்றன. கட்டிட நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது.